வேலூர் வெயில்ல பழைய கார் ஓட்டறவங்களுக்கு: கூலிய குறைக்காதீங்க, காரணத்த கேளுங்க

கார் ரிப்பேர்ல காசு எங்க போகுதுனு யார கேட்டாலும் மெக்கானிக் கூலினு தான் சொல்றாங்க. நான் பாத்த வரைக்கும் கூலில போறது கம்மிங்க. மாத்தவே தேவையில்லாத பார்ட்ட மாத்தறோம் பாருங்க, அங்க தான் மொத்த காசும் போகுது. 600 ரூபா கூலிய 500 ஆக்கறதுக்கு அரமணி நேரம் நின்னு பேசறவரு, 15,000 ரூபா பார்ட்டுக்கு எஸ்டிமேட் குடுத்தா "இது தான் போயிருக்குனு எப்படி கண்டுபுடிச்சீங்க"னு ஒரு வார்த்த கேக்காம சரி போடுங்கனு தலையாட்டிட்டு வந்துடறாரு.

நான் இருக்கறது சத்துவாச்சாரி, வேல ராணிப்பேட்டை சிப்காட்ல. தினமும் ஹைவே புடிச்சி மேல்விஷாரம் ஆற்காடு தாண்டி போய்ட்டு வரணும். வண்டி 2014 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல், ஒரு லட்சம் கிலோமீட்டர் எப்பவோ தாண்டிடுச்சி, இன்னும் நல்லா ஓடுது. இந்த வண்டிய இத்தன வருஷம் கட்டுப்படியாகற மாதிரி வெச்சிருக்க முடிஞ்சதுனா அதுக்கு ஒரே காரணம் பழைய பைபாஸ் ரோடு பக்கம் ஒரு சின்ன ஷெட் வெச்சிருக்கற பாய் தான். ஏசி ரூம் கெடையாது, காபி மெஷின் கெடையாது, ஆனா அவர் எதயும் தொட்டுப் பாக்காம மாத்தணும்னு சொல்ல மாட்டாரு.

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு தடவ வண்டில முன்னாடி சைடுல சத்தம். ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா ஏறி இறங்கும்போது கடக் கடக்னு கேக்கும், ஹைவேல 80ல போனா ஒண்ணும் கேக்காது. ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல விட்டேன், சாயங்காலம் அட்வைசர் ஃபோன் பண்ணி "சார் ஸ்டீயரிங் ராக் போயிடுச்சி, அசெம்ப்ளியா தான் மாத்தணும், லேபரோட 18,000 கிட்ட வரும்"னாரு. ராக்னா ஸ்டீயரிங்க திருப்புனா சக்கரத்த திருப்பற அமைப்பு. எப்படி செக் பண்ணீங்கனு கேட்டேன். டெக்னீஷியன் ஓட்டிப் பாத்து சொன்னாருனாரு. அப்ப வேண்டாம், வண்டிய அப்படியே குடுங்கனு சொல்லி எடுத்துக்கினு பாய் கிட்ட போனேன்.

பாய் முதல்ல என்ன பக்கத்து சீட்ல உக்கார வெச்சி ஒரு ரவுண்டு ஓட்டுனாரு. அப்பறம் வண்டிய பிட் மேல நிறுத்தி, அவர் கீழ இறங்கி, கூட இருந்த பையன பானெட் பக்கத்துல கைய வெச்சி வண்டிய மேலயும் கீழயும் அமுக்கச் சொன்னாரு. ஒரு நிமிஷம் கழிச்சி என்னயும் கீழ கூப்பிட்டாரு. "சார், இங்க வெரல வைங்க." சக்கரத்துக்குப் பின்னாடி பென்சில விட கொஞ்சம் தடியா ஒரு ராடு, அதோட முனைல ஒரு சின்ன பால் ஜாயின்ட். வெரல வெச்சேன், பையன் மேல அமுக்கும்போதெல்லாம் அந்த ஜாயின்ட் டக் டக்னு வெரல்ல அடிக்குது, ரப்பர் கிழிஞ்சி உள்ள கிரீஸே இல்ல. "இது தான் லிங்க் ராடு. ராக் போயிருந்தா ஸ்டீயரிங்க கொஞ்சம் ஆட்டனாலே கைக்கு தெரியும், வாங்க அதயும் காட்றேன்"னு ஸ்டீயரிங்க லேசா ஆட்டச் சொல்லி ராக்கயும் அதுலேருந்து சக்கரத்துக்கு போற டை ராடயும் புடிச்சி காமிச்சாரு, அதுல ஒரு ஆட்டமும் இல்ல. ரெண்டு சைடும் லிங்க் ராடு மாத்துனோம், கூலியோட 2,000 ரூபாக்குள்ள முடிஞ்சிடுச்சி. சத்தம் போயிடுச்சி, ராக் இன்னைக்கு வரைக்கும் அதே ராக் தான்.

அந்த அட்வைசர் வேணும்னே ஏமாத்துனாருனு நான் சொல்லல. அவங்க எடத்துல ஒரு நாளைக்கு அவ்ளோ வண்டி வருது, ஒவ்வொரு வண்டியயும் பிட்ல ஏத்தி வெரல வெச்சி பாக்க நேரம் இல்ல, அதனால இது போயிருக்கலாம்னு யூகத்துல அசெம்ப்ளியா மாத்திடறாங்க. அந்த யூகத்துக்கு காசு குடுக்கறது நாம. அதனால நான் எல்லார் கிட்டயும் சொல்றது, பாத்து சொல்ற வேலைக்கு தனியா காசு குடுங்க. "பாய், நீங்க பாத்து இன்னா பிரச்சனனு மட்டும் சொல்லுங்க, அதுக்கு 300 ரூபா வாங்கிக்கோங்க, வேலய செய்யறதா வேணாமானு அப்பறம் பேசலாம்"னு சொன்னா எந்த நல்ல மெக்கானிக்கும் சந்தோஷமா பாப்பாரு. பாத்ததுக்கு காசு வராதுனு தெரிஞ்சா தான் பார்ட்ட மாத்தியாவது சம்பாதிக்கணும்ற நெனப்பு வருது.

நம்ம சைடுலயும் ஒரு பழக்கத்த விடணும். ஷெட்டுக்கு போனதும் "அண்ணா சஸ்பென்ஷன் போயிடுச்சி, மாத்திடுங்க"னு நாமளே டாக்டர் ஆகிடறோம். அப்படி சொன்னா அவர் மாத்தி தான் குடுப்பாரு, சத்தம் போகலனா அவர் தப்பும் இல்ல. பார்ட் பேர சொல்லாதீங்க, வண்டி இன்னா பண்ணுதோ அத மட்டும் சொல்லுங்க. எந்த சைடு, எந்த ஸ்பீடு, காலைல முதல் ஸ்டார்ட்லயா இல்ல சூடானதுக்கு அப்பறமா, பிரேக் புடிச்சா நிக்குதா அதிகமாகுதா, ஏசி போட்டா மாறுதா. சத்தம் வரும்போது பக்கத்துல இருக்கறவங்கள ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணச் சொல்லுங்க, ஏன்னா ஷெட்டுக்கு போனா வண்டி நல்ல புள்ள மாதிரி சத்தமே போடாது. முடிஞ்சா மெக்கானிக்க பக்கத்துல உக்கார வெச்சி நீங்களே ஓட்டி காட்டுங்க.

அடுத்து இந்த ஊரு வெயில். ஏப்ரல் மே மாசத்துல வேலூர்ல 40 டிகிரிய தாண்டறது நமக்கு புதுசு இல்ல, மூணு பக்கமும் பாறை மலை, சாயங்காலம் ஆனாலும் அனல் அடிக்கும். மத்த ஊர்ல எப்படியோ, இங்க கார்ல காச கரைக்கறது ரெண்டே ரெண்டு தான், ஒண்ணு இன்ஜின் சூடாகறது, இன்னொண்ணு ஏசி.

எங்க பக்கத்து வீட்டு அண்ணன் குடும்பத்தோட ஏலகிரி போய்ட்டு இருந்தப்ப, 14 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட ஏறல, டெம்பரேச்சர் முள்ளு மேல போயிடுச்சி. கீழ இறக்கி ஹைவே ஓரத்துல ஒரு ஷெட்ல காட்டியிருக்காரு, அவங்க தெர்மோஸ்டாட்ட கழட்டி தூக்கிப் போட்டுட்டு, ரேடியேட்டர்ல போர் தண்ணிய ஊத்தி "இனிமே சூடே ஆகாது சார்"னு அனுப்பிட்டாங்க. அப்போதைக்கு சரியா தான் இருந்தது. ஒரு மாசத்துல மைலேஜ் குறைஞ்சிடுச்சி, டேஷ்போர்டுல செக் இன்ஜின் லைட் வந்துடுச்சி, சிட்டி டிராஃபிக்ல மறுபடி சூடும் ஆகுது.

தெர்மோஸ்டாட்னா என்னனு தெரிஞ்சா இத யாரும் பண்ண விட மாட்டீங்க. இன்ஜின் சீக்கிரம் சூடாகி ஒரே டெம்பரேச்சர்ல நிக்கணும், அதுக்காக இந்த சின்ன வால்வு மூடியே இருக்கும், 82லேருந்து 88 டிகிரி சுமாருக்கு வந்ததும் திறந்து தண்ணிய ரேடியேட்டருக்கு விடும். அத கழட்டிட்டா இன்ஜின் ஹைவேல சரியான சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் இன்னும் இன்ஜின் குளிராவே இருக்குனு நெனச்சி பெட்ரோல கூட ஊத்தும். அந்த அண்ணன் வண்டில என் கிட்ட இருந்த ப்ளூடூத் ஸ்கேனர மாட்டிப் பாத்தா பி0128னு கோடு, கூலன்ட் (இன்ஜின குளிர வைக்க சுத்தற தண்ணி) வர வேண்டிய சூட்டுக்கு வரலனு அர்த்தம். தெர்மோஸ்டாட்டே இல்லனா எப்படி வரும்?

அப்ப நெஜமான பிரச்சன என்ன? இத நீங்களே பாதி கண்டுபுடிக்கலாம், அதான் ரொம்ப முக்கியம். வண்டி நின்னுக்கினு இருக்கும்போது, கிரீன் சர்க்கிள் மாதிரி டிராஃபிக்ல ஊர்ந்து போகும்போது, மலை ஏறும்போது சூடாகி, ஹைவேல ஓட்டுனா முள்ளு தானா இறங்குதுனா முதல்ல ரேடியேட்டர் ஃபேன பாக்கணும், ஏன்னா ஓடும்போது காத்து தானா அடிக்கும், நிக்கும்போதும் மெதுவா ஏறும்போதும் ஃபேன் தான் அடிக்கணும். அதுக்கு மாறா ஹைவேல ஸ்பீடா போகும்போது சூடானா ரேடியேட்டர் உள்ள அடைப்பு, கூலன்ட் கம்மி, இல்ல வாட்டர் பம்ப். அண்ணன் வண்டில ஏசிய போட்டு பானெட்ட திறந்து நின்னு பாத்தோம், ஃபேன் சுத்தவே இல்ல. ஃபேனுக்கு கரன்ட் விடற ரிலே செத்துப் போயிருந்தது. ரிலே வெல ஒரு பிரியாணி வெல தான். அதுக்கப்பறம் தெர்மோஸ்டாட் புதுசா வாங்கி போட்டு, ரேடியேட்டர கழுவி, 50க்கு 50 கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊத்துனாரு, அந்த செலவு தான் பெருசு. முதல்லயே ஒருத்தர் ஃபேன் சுத்துதானு பாத்திருந்தா அந்த செலவே வந்திருக்காது.

போர் தண்ணி விஷயத்த அழுத்தி சொல்றேன். நம்ம பக்கம் நெறைய ஊர்ல போர் தண்ணி எவ்ளோ உப்புனு பாத்ரூம் டேப்ப பாத்தாலே தெரியும், அதே வெள்ள படிவு தான் ரேடியேட்டர் குழாய் உள்ளயும் படியும். வழில ஆபத்துக்கு வேற வழி இல்லனா ஊத்திக்கலாம், ஊருக்கு வந்ததும் முழுசா வடிச்சி கூலன்ட் ஊத்திடணும். அப்பறம் ரேடியேட்டர் மூடி, அது சும்மா மூடி இல்ல, உள்ள பிரஷர புடிச்சி வெச்சி 100 டிகிரிலயும் தண்ணி கொதிக்காம பாத்துக்கறதே அது தான். ஸ்பிரிங் தளந்துட்டா சில நூறு ரூபால புதுசு போட்டுடுங்க. இன்ஜின் சூடா இருக்கும்போது மட்டும் எந்த காரணத்துக்கும் அத திறக்காதீங்க, முகம் வெந்துடும். முள்ளு சிவப்புக்கு போனா வீடு ரெண்டு கிலோமீட்டர் தான்னு ஓட்டாதீங்க, இன்ஜின் ஹெட்டுக்கு அடில இருக்கற சீல், அதான் ஹெட் கேஸ்கெட், அது போனா பில்லு எங்கயோ போயிடும்.

ஏசி கதை இன்னும் எளிமை. மார்ச் மாசம் வந்தா "கேஸ் டாப்அப்"னு வருஷா வருஷம் காசு குடுக்கறவங்க நெறைய பேர். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிஞ்சி தீர்ற பொருள் இல்ல, அது மூடுன குழாய்ல சுத்திக்கிட்டே இருக்கறது. ஒரே வருஷத்துல கூலிங் போகற அளவுக்கு கம்மியாச்சினா எங்கயோ லீக். லீக்க அடைக்காம கேஸ் ஏத்தறது ஓட்ட குடத்துல தண்ணி புடிக்கற மாதிரி தான். "கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி நைட்ரஜன் விட்டு லீக் டெஸ்ட் பண்ணுங்க, வேக்கம் போட்டு அரமணி நேரம் நிக்குதானு எனக்கு காட்டுங்க"னு சொல்லுங்க. கேஸோட சேந்து ஆயிலும் சுத்தறதால லீக் ஆகற எடத்துல எண்ணெய் பிசுக்கு மாதிரி கறை இருக்கும், வண்டி முன்னாடி ரேடியேட்டர் மாதிரி இருக்கற ஏசி கண்டென்சர்லயோ ஹோஸ் ஜாயின்ட்லயோ டார்ச் அடிச்சி பாத்தா நமக்கே தெரியும். லாரிக்கு பின்னாடியே ஹைவேல போறவங்களுக்கு கல் தெறிச்சி கண்டென்சர் ஓட்டையாகறது சாதாரணம். காத்து நல்லா வந்து ஜில்லுனு இல்லனா கேஸ், இல்ல கம்ப்ரஸர் பக்கம். ஜில்லுனு இருக்கு ஆனா காத்தே வரலனா கேபின் ஃபில்டர் அடைச்சிருக்கு. நெறைய வண்டில க்ளவ் பாக்ஸ கழட்டுனா பின்னாடி தான் இருக்கும், நீங்களே உருவி எடுத்து மாத்திடலாம். இந்த ஃபில்டர் அடைப்புக்கு கேஸ் ஏத்திக்கிட்டு வந்தவங்கள எனக்கு தெரியும், வயிறு எரியுது.

கம்பெனி சர்வீஸே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். வாரன்டி முடியற வரைக்கும் அங்க தான் போகணும், ஏர்பேக், ஏபிஎஸ் மாதிரி வேலைக்கும் அங்க தான் நல்லது. ஆனா ஜாப் கார்டுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வரியா படிங்க. இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் அடிட்டிவ், ஏசி டிஸ்இன்ஃபெக்ஷன், பிரேக் கிளீனிங் பேக்கேஜ்னு வரிசையா இருக்கும். உங்க வண்டியோட ஓனர்ஸ் மேனுவல்ல அந்த கிலோமீட்டருக்கு எது போட்டிருக்கோ அத மட்டும் செய்யச் சொல்லுங்க, மத்தத பேனாவால அடிச்சிடுங்க. "இதுக்கு மேல எதுனாலும் ஃபோட்டோ அனுப்பி நான் ஓகே சொன்னா தான்"னு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டு வைங்க, வாயால சொன்னது பில்லு வரும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது. கழட்டுன பழைய பார்ட் எல்லாம் டிக்கில இருக்கணும்னு விடும்போதே சொல்லிடுங்க.

பார்ட்ஸ் பத்தி. சென்னை ஜி.பி. ரோடு போய் சீப்பா வாங்கிட்டு வந்து மெக்கானிக் கைல குடுத்துட்டா மிச்சம்னு சிலர் நெனக்கறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. நீங்க வாங்கிட்டு வந்த பார்ட் ஒரு மாசத்துல போனா அவர் பொறுப்பு எடுக்க மாட்டாரு, மறுபடி கூலி உங்க தலைல. அவரயே வாங்கச் சொல்லுங்க, ஆனா சீல் பிரிக்காத டப்பாவும் கடை பில்லும் உங்க கைக்கு வரணும். அதுல அவருக்கு ஒரு நூறு எரநூறு நின்னா நிக்கட்டுமே, அது அவர் பொழப்பு. 2025 செப்டம்பர் 22லேருந்து கார் பார்ட்ஸ்க்கு ஜிஎஸ்டி 28லேருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு, பழைய டப்பால பழைய எம்ஆர்பி போட்டிருந்தா புது ரேட்ட கேளுங்க. கம்பெனி பேரு போட்ட டப்பா தான் ஒரிஜினல்னும் இல்ல, கார் கம்பெனிக்கு செஞ்சி குடுக்கறவங்களே தன் பேர்லயும் விக்கறாங்க. பிரேக்ஸ் இந்தியா கம்பெனிக்கு நம்ம சோளிங்கர்ல ஃபவுண்டரியே இருக்கு, டிவிஎஸ் கர்லிங்னு கடைல கேட்டு வாங்கறது அவங்க பிரேக் தான். ஆனா பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன்ல பேரு தெரியாத லோக்கல் சாமானும் வேண்டாம், சென்னை புதுப்பேட்டைல விக்கற பழைய பார்ட்டும் வேண்டாம். சைடு மிரர், டோர் ஹேண்டில், டெயில் லைட்டுக்கு புதுப்பேட்டை போங்க, தப்பே இல்ல.

பேட்டரிக்கு ஒரு வரி. வெயிலுக்கு பேட்டரி சீக்கிரம் போகும்றது உண்மை தான், ஆனா ஸ்டார்ட் ஆகலனதும் புதுசு வாங்கிடாதீங்க, மல்டிமீட்டர் வெச்சி பாக்கச் சொல்லுங்க. ராத்திரி நின்ன வண்டில 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், இன்ஜின் ஓடும்போது சாதாரணமா 14 சுமாருக்கு வரணும். ஓடும்போதும் ஏறலனா பேட்டரி மேல பழி போடாம பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர பாருங்க.

எங்க அக்கா குடியாத்தத்துல இருக்காங்க, ஸ்கூல் டீச்சர், தனியா தான் வண்டிய சர்வீஸ் விடுவாங்க. ஒரு தடவ பில்ல எனக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்புனாங்க, "தம்பி, எப்பவும் விட அதிகமா வந்திருக்கு, பாரேன்"னு. அதுல முன் பிரேக் பேட் ஒரு செட், பின் பிரேக் பேட் ஒரு செட்னு இருக்கு. அக்கா வண்டிக்கு பின்னாடி டிரம் பிரேக். டிரம்ல பேடே கெடையாது, ஷூ தான் இருக்கும். எனக்கு ரொம்ப கோவம் வந்துடுச்சி, லேடீஸ் தனியா வந்தா எதுவும் தெரியாதுனு நெனக்கறாங்களே அந்த கோவம். ஆனா போய் சண்ட போடல. அக்காவயே பின் சக்கரத்த ஒரு ஃபோட்டோ எடுக்கச் சொல்லி, பில்லோட சேத்து அந்த சர்வீஸ் சென்டர் மேனேஜருக்கு எழுத்துல அனுப்பச் சொன்னேன், "இந்த வண்டில பின் பேட் இல்ல, போட்டதா சொல்ற பார்ட்டயும் கழட்டுன பழைய பார்ட்டயும் காட்டுங்க, இல்லனா 1915ல கம்ப்ளைன்ட் பண்றேன்"னு. மறுநாளே டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லி அந்த காச திருப்பி குடுத்துட்டாங்க. 1915 நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். அதுலயும் சரியாகலனா மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, நீங்க குடுத்த தொக 5 லட்சத்துக்குள்ளனா ஃபீஸ் கெடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, ஆனா 2 வருஷத்துக்குள்ள போடணும். இதுக்கெல்லாம் ஜிஎஸ்டி பில்லு கைல இருக்கணும், அதனால "பில் இல்லாம பண்ணா கம்மி"னு சொன்னா பெரிய வேலைக்கு ஒத்துக்காதீங்க.

டிங்கரிங் வேலைக்கு இன்சூரன்ஸ் போறவங்களும் கொஞ்சம் கணக்கு போடுங்க. க்ளைம் இல்லாத வருஷத்துக்கு நோ க்ளைம் போனஸ்னு பிரீமியத்துல தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம்னு ஏறும், 4,000 ரூபா டென்டுக்கு க்ளைம் போட்டா அது மொத்தமா போயிடும். ரெனியூவல் நோட்டீஸ எடுத்து எவ்ளோ தள்ளுபடினு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கடைசியா கிளட்ச், ஏன்னா பழைய வண்டில வர்றதுலயே பெரிய வேலைல அதுவும் ஒண்ணு. மலைல ஆஃப் கிளட்ச்லயே ஏத்தறவங்களுக்கு சீக்கிரம் தேயும். மாத்தணும்னு சொன்னதும் ஒத்துக்காம, காலியான நேரான ரோட்ல மூணாவது கியர்ல 40ல போய்க்கினு ஆக்ஸிலேட்டர ஒரே அமுக்கா அமுக்கிப் பாருங்க. ஆர்பிஎம் ஜிவ்வுனு ஏறுது ஆனா ஸ்பீடு ஏறலனா கிளட்ச் நழுவுது, மாத்தி தான் ஆகணும். ரெண்டும் சேந்து ஏறுதுனா கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்டா இருக்கானு முதல்ல பாக்கச் சொல்லுங்க. மாத்தறதுனு முடிவாச்சினா ப்ளேட், பிரஷர் ப்ளேட்டோட ரிலீஸ் பேரிங்கயும் சேத்தே மாத்திடுங்க, ஃப்ளைவீல் மேல கோடு விழுந்திருக்கா, கிராங்க் ஷாஃப்டோட பின்பக்க ஆயில் சீல் கசியுதானும் பாக்கச் சொல்லுங்க. கியர் பாக்ஸ இறக்கி ஏத்தற கூலி தான் அதுல பெருசு, ஒரு சீலுக்காக ஆறு மாசம் கழிச்சி அதே கூலிய மறுபடி குடுக்க வேணாம். கியர் பாக்ஸ் இறங்குன அன்னைக்கு அரை நாள் லீவு போட்டாவது ஷெட்ல போய் நில்லுங்க, பழைய ப்ளேட்ட கைல வாங்கி எவ்ளோ தேஞ்சிருக்குனு பாருங்க, பாய் கிட்ட எதுக்கு எதுக்குனு கேளுங்க. எங்க பாய் ஒரு தடவ கூட சலிச்சிக்கல, "கேளுங்க சார், கேட்டா தான எனக்கும் சொல்லணும்னு தோணுது"னு டீ வாங்கி குடுத்து உக்கார வெச்சி சொல்லுவாரு.